சண்டை முடிஞ்ச பொறவு: பாளை, பாஞ்சை, எட்டயபுரம்

போருக்கு அப்புறம் ஊரைத் திரும்பக் கட்டுனதுன்னு பேச்சு எடுத்தா நம்மாளுங்க உடனே ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போயிருவாங்க. அதெல்லாம் பேச வேண்டியதுதான், நானும் கீழ பேசுதேன். ஆனா நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு பெரிய போர் நடந்து முடிஞ்சிருக்கு, 1799லயும் 1801லயும், அதுல தரைமட்டமான ஊரும் இருக்கு, அந்தப் போரை நடத்துன பட்டாளத்தால வளந்த ஊரும் இருக்கு, ஜெயிச்சவன் பக்கம் நின்னு பொழைச்ச ஊரும் இருக்கு. ஒரு வண்டிய எடுத்துட்டுக் காலையில கிளம்புனா பாளையங்கோட்டை, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் மூணையும் பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம், அவ்வளவு பக்கம். இம்புட்டுப் பக்கத்துல இருக்கிற மூணு ஊரு ஒரே போருக்குப் பொறவு ஏன் மூணு விதமா ஆச்சுன்னு யோசிச்சா, ஒரு ஊரு எதனால வாழுது, ஜனங்க எதனால ஒரு ஊரைத் தேடிப் போறாங்க, இது ரெண்டும் தனித்தனி விஷயம்னு எனக்குத் தோணுது. அதத்தான் எழுதப் போறேன்.

கதையோட எலும்பு மட்டும் மொதல்ல. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியோட மேஜர் பானர்மேன் பட்டாளம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வளைச்சது. கட்டபொம்மன் தப்பிச்சு வடக்க போய் புதுக்கோட்டைத் தொண்டைமான் எல்லையில பிடிபட்டாரு, அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறுல புளியமரத்துல தூக்குல போட்டாங்க. கோட்டையை இடிச்சுட்டாங்க. அதோட பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, காடல்குடி, குளத்தூர்னு எதிர்த்து நின்ன பாளையங்களையெல்லாம் பிடுங்கிக்கிட்டாங்க, மத்த பாளையக்காரங்களும் கோட்டைய இடிக்கணும், ஆயுதத்தை ஒப்படைக்கணும்னு உத்தரவு. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையும் மத்தவங்களும் பாளையங்கோட்டை ஜெயில்ல.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி சாயங்காலம், வெள்ளைக்கார ஆபீசருங்க எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டுல சாப்பாட்டுல இருந்த நேரம், ஊமைத்துரை கூட்டம் ஜெயில உடைச்சுட்டு வெளியேறிட்டாங்க. ராவோட ராவா பாஞ்சாலங்குறிச்சி. மெக்காலே ஆளு சேத்துக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு அங்க போய்ப் பாக்காரு, ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி தரையோட தரையா இடிச்ச கோட்டை திரும்ப எழும்பி நிக்குது, மதில் மேல ஆயிரத்து ஐநூறு பேர் ஆயுதத்தோட! கூட இருந்த வெல்ஷ்ங்கிற ஆபீசர் பின்னாடி தன் நாட்குறிப்பை வெச்சு எழுதும்போது அந்தத் திகைப்பை அப்படியே எழுதிவெச்சிருக்காரு. மெக்காலே அன்னைக்குத் திரும்பிப் போக வேண்டியதாப் போச்சு.

ஒரு வாரத்துல ஒரு கோட்டை. இதை வீரம்னு மட்டும் சொல்லித் தாண்டிப் போயிரக் கூடாது, அது எப்படி முடிஞ்சதுன்னு பாக்கணும். அது கருங்கல் கோட்டை கிடையாது, சுமார் 500 அடி நீளம் 300 அடி அகலம், முழுக்க மண்ணு, சுத்தி முள்வேலி. கல்லு வேணும்னா மலையில இருந்து வரணும், தச்சன் வேணும், வருஷக்கணக்காகும். மண்ணு காலுக்குக் கீழயே கெடக்கு. சுத்துப்பட்டு ஜனங்க கூடையும் மம்பட்டியுமா வந்து நின்னா போதும். அதாவது அந்தக் கோட்டைக்கு உண்மையான சாமான் ஆளுங்கதான், ஆளு இருக்கிற வரைக்கும் அதை எத்தன தடவை இடிச்சாலும் எழுப்பிரலாம். கம்பெனிக்காரன் இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டான்னுதான் நெனைக்கேன், ஏன்னா ரெண்டாவது தடவை அவன் செஞ்சது வேற.

மார்ச் 31ஆம் தேதி தாக்கி முடியாம, ஏகப்பட்ட ஆளைப் பறிகொடுத்துட்டு, அப்புறம் கர்னல் அக்னியூ தலைமையில பெரிய பீரங்கியெல்லாம் வரவெச்சு மே 24ஆம் தேதிதான் கோட்டையைப் பிடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி களத்துல அடிபட்டுக் கெடந்த ஊமைத்துரையை ஊர்ப் பொம்பளைங்க காப்பாத்துன கதையையும் அதே வெல்ஷ்தான் எழுதியிருக்காரு. மகனைத் தேடி வந்த தாயி, உசிரு ஊசலாடிட்டு இருந்த அந்தப் பையன் என்னை விடு சாமியைக் காப்பாத்துன்னு சொல்ல, அவுங்க ஊமைத்துரையைத் தூக்கிட்டுப் போய் வீட்டுல போட்டு வெள்ளைத் துணியைப் போத்தி, அம்மை போட்டிருக்குன்னு தேடி வந்தவங்க கிட்ட அழுதிருக்காங்க. அம்மைன்னா யாரு கிட்ட வருவா, வந்தவங்க ஒதுங்கிப் போயிட்டாங்க. ஊமைத்துரை அங்கிருந்து மருது சகோதரர்கள் பக்கம் போய்ச் சேந்து, கடைசியில நவம்பர் 16ஆம் தேதி அதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்குல போட்டாங்க.

இந்தத் தடவை கோட்டையை இடிச்சதோட நிறுத்தல. உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்லுவாங்க. ஊரு பேரையே ரெக்கார்டுல இருந்தும் மேப்புல இருந்தும் எடுத்தாங்க. நெலத்தை எட்டயபுரத்துக்கும் இன்னும் கூட நின்ன பாளையங்களுக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. சுவரை இடிச்சா திரும்பக் கட்டுவாங்க, ஊரோட வேலையையே பிடுங்கிட்டா கட்டுறதுக்கு ஆளு வரமாட்டாங்கங்கிற கணக்கு. அந்தக் கணக்கு பலிச்சது, அதுதான் வலிக்குது. வரி கட்ட, மனு கொடுக்க, பத்திரம் பதிய ஜனங்க போக வேண்டிய இடம் 3 கிலோமீட்டர் தள்ளி ஓட்டப்பிடாரம்னு ஆச்சு. 1872ல வ.உ.சி பொறந்ததும் அங்கதான், வக்கீலுக்குப் படிக்கதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் அந்தத் தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்திருக்காரு. பாஞ்சைக்கு வந்திருக்க வேண்டிய கூட்டம், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த 3 கிலோமீட்டர் தாண்டிப் போயிருச்சு.

இப்ப பாளையங்கோட்டைக்கு வாங்க. அது பட்டாளத்து ஊரு, பெரிய கல்கோட்டை, கம்பெனி சிப்பாய்ங்க தங்குன இடம். 1801 ஜூலையில ஆற்காடு நவாப் நாட்டு நிர்வாகம் முழுசா கம்பெனி கைக்குப் போச்சு, உள்ளூர்ல எதிர்க்க ஆளும் இல்லன்னு ஆன பொறவு அவ்வளவு பெரிய கோட்டைக்குச் சோலியே இல்லாமப் போச்சு. 19ஆம் நூற்றாண்டுலயே மதிலை இடிச்சு ஊரைத் திறந்துவிட்டுட்டாங்க. ஆக பாளைக் கோட்டையும் இடிபட்டதுதான், பாஞ்சைக் கோட்டையும் இடிபட்டதுதான். பாஞ்சையில இடிச்ச இடத்துல ஒண்ணும் வர விடல, பாளையில இடிச்ச இடத்துல எல்லாமே வந்துச்சு.

என்னெல்லாம் வந்துச்சுன்னு பாருங்க. 1785லயே கிளாரிந்தா அம்மா கட்டுன சின்னச் சர்ச் அங்க இருந்தது, பாப்பாத்தியம்மா கோயில்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. 1820ல ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் வந்தாரு, 1826ல ஊசிக்கோபுரம் சர்ச். பின்னால யோவான் காலேஜ், சாராள் தக்கர், 1890கள்ல பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேக்காத பிள்ளைகளுக்கும் தனித்தனியா பள்ளிக்கூடம், 1923ல சவேரியார் காலேஜ். ஜெயில், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் ஆத்துக்குப் பாளைப் பக்கமே. 1843ல சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டு தாமிரபரணி மேல பாலத்தைக் கட்டிக் கொடுத்தாரு, அதுவரைக்கும் திருநெல்வேலி டவுணுக்கும் பாளைக்கும் நடுவுல படகுதான். அந்தப் பாலம் இல்லன்னா டவுண் கோயில் ஊராவும் பாளை வெறும் ஆபீஸ் ஊராவும் தனித்தனியாவே இருந்திருக்கும், பாலம் வந்துதான் ரெண்டும் ஒரே ஊரா மாறுச்சு, பேப்பர்ல ஒரே மாநகராட்சின்னு ஆனது 1994லதான்.

தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு பாளையைச் சொல்றதை எல்லாரும் கேட்டிருப்பியள். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பிள்ளைக இன்னைக்கும் பொட்டிய தூக்கிட்டு வந்து பாளை ஹாஸ்டல்லதான் தங்கிப் படிக்குது. நம்ம ஆளுங்க வாத்தியாராவும் நர்சாவும் உலகம் முழுக்கப் போனதுக்கு இந்த ஊர்தான் வாசல். அதுல எனக்கு ரொம்பப் பெருமை உண்டு. ஆனா ஒரு குறையும் உண்டு, பாளைக்கு அது எந்தப் போருல நின்ன ஊருன்னே மறந்துபோச்சு. கோட்டையோட மேற்கு வாசல் மிச்சம் இன்னும் நிக்குது, அதைத்தான் மேடை போலீஸ் ஸ்டேஷன்னு சொல்லுவாங்க. தெனமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டி காய்கறி வாங்கப் போறாங்க, பஸ்ஸுக்கு ஓடுறாங்க. அண்ணாந்து பாத்தா கல்லோட கனமும் உயரமும் தெரியும், வீட்டுக்குக் கட்டுன கல்லு இல்லன்னு பாத்த உடனேயே புரியும். ஊமைத்துரை அடைபட்டுக் கெடந்த கோட்டை இதுதான்னு பக்கத்துல டியூஷன் போற பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. தப்பு அந்தப் பிள்ளை மேல இல்ல, சொல்லிக் கொடுக்காத நம்ம மேல.

எட்டயபுரத்தைப் பத்திப் பேசும்போது மட்டும் எல்லாருக்கும் கோவம் வந்துரும். எட்டப்பன்னு ஒரு சொல்லையே துரோகின்னு ஆக்கிட்டோம். நடந்ததைக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும். கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது புதுக்கோட்டை. எட்டயபுரம் ஒளிஞ்சு நின்னு காட்டிக் கொடுக்கல, வெளிப்படையா கம்பெனி பட்டாளத்தோட சேந்து சண்டை போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு பாளையத்துக்கும் நடுவுல அருங்குளம், சுப்பலாபுரம் கிராமங்களுக்காக எல்லைத் தகராறு ஓடிட்டு இருந்தது. சரின்னு சொல்ல வரல, வேத்து ஆளோட பட்டாளத்துக்கு உதவுனது உதவுனதுதான். ஆனா அந்த ஊருல இருந்த அத்தனை ஜனத்தையும் ஒரே சொல்லால இருநூறு வருஷம் அடிக்கது நியாயமே இல்ல.

அரண்மனை நின்னதால எட்டயபுரத்துல என்ன வளந்துச்சுன்னு பாருங்க. முத்துசாமி தீட்சிதர் கடைசியா வந்து சேந்து 1835ல உசிரை விட்டது அங்கதான், சமாதி இருக்கு. அவர் வழியில வந்த சுப்பராம தீட்சிதர் அந்த சமஸ்தானத்துலயே இருந்து, 1904ல கர்நாடக சங்கீதத்துக்கே ஆதாரமான ஒரு பெரிய புஸ்தகத்தை எழுதி முடிச்சு அங்கயே அச்சுப் போட்டாங்க. 1882ல அந்த ஊருல ஒரு பையன் பொறந்தான், சமஸ்தானத்துலயே பாரதின்னு பட்டம் வாங்கினான். வெள்ளைக்காரனோட நின்ன அரண்மனை நெழல்ல இருந்துதான் வெள்ளைக்காரனை அவ்வளவு கடுமையா எதிர்த்த குரல் வந்துச்சு. 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து வருமானம் போன பொறவு அரண்மனை கவனிப்பு இல்லாம சுண்ணாம்பு உதிர்ந்து நிக்குது. இன்னைக்கு எட்டயபுரத்துக்கு வர்ற ஸ்கூல் பஸ் எல்லாம் பாரதி வீட்டுக்கும், ஜனங்க கிட்ட வசூல் பண்ணி 1947ல திறந்த மணிமண்டபத்துக்கும்தான் வருது. போருல அழியாம காப்பாத்துன கட்டடத்தை யாரும் பாக்க வரல, அங்க பொறந்த ஒரு புள்ளைக்காக வர்றாங்க.

கயத்தாறுக்கு மெனக்கெட்டுப் போறவங்க கம்மி, நாலுவழிச் சாலையில போற போக்குல நிறுத்துறவங்கதான் ஜாஸ்தி, சுத்தியும் கரண்டு எடுக்குற காத்தாடி. ஆனா அங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பெருசு. தூக்குல போட்ட இடத்துல சிலையும் இல்ல மண்டபமும் இல்லாத காலத்துல, அந்த வழியாப் போற ஜனங்க ஆளுக்கொரு கல்லைப் போட்டுட்டுப் போய் அது ஒரு குவியலா ஆயிருக்கு. அரசாங்கம் பேரையே அழிச்சிருக்கு, ஒரு எழுத்து எழுதி வைக்க முடியாது, கல்லைப் போடுறதை யாரு தடுக்க. பின்னாடி சிவாஜி கணேசன் தன் காசுல இடம் வாங்கி 1970ல சிலை வெச்சாரு. அந்தக் கல்லுக் குவியலை நான் ஒரு மறுகட்டமைப்புன்னே சொல்லுவேன்.

இப்ப வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். வார்சாவை ஜெர்மன்காரன் 1944ல திட்டம் போட்டு வீடு வீடா இடிச்சான், கிட்டத்தட்ட பாஞ்சையில நடந்த மாதிரி, ஊரு இருந்ததே தெரியக் கூடாதுங்கிற நோக்கம். போலந்துக்காரங்க பழைய ஊரை இருந்த மாதிரியே திரும்பக் கட்டுனாங்க, 18ஆம் நூற்றாண்டுல பெல்லோட்டோன்னு ஒரு ஓவியர் வரைஞ்சு வெச்ச தெருப் படங்களை வெச்சு. 1980ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம்னு சேத்துக்கிட்டது. இங்கிலாந்துல கோவென்ட்ரி வேற மாதிரி யோசிச்சாங்க, 1940ல குண்டு விழுந்த கதீட்ரலை இடிபாடா அப்படியே விட்டுட்டு பக்கத்துல புதுசு ஒண்ணைக் கட்டி 1962ல திறந்தாங்க. நமக்குப் பக்கத்துல யாழ்ப்பாணம் நூலகம், 1981ல எரிச்சதை வெள்ளை வெளேர்னு திரும்பக் கட்டி 2003ல திறந்தாங்க, ஆனா எரிஞ்ச ஓலைச்சுவடிய யாரால கட்ட முடியும்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்த மாதிரி பழைய தெருப் படங்கள் இருந்ததாத் தெரியல. இருந்தது ரெண்டு விதமான சாட்சி, ஒண்ணு வெள்ளைக்கார ஆபீசருங்க எழுதிவெச்ச அளவு, இன்னொண்ணு ஜனங்க வாயில இருந்த கதைப்பாடலும் கும்மியும். மேப்புல இல்லாத பேரு பாட்டுல இருந்தது. அந்தப் பாட்டையெல்லாம் தேடித் தொகுத்துப் பதிப்பிச்ச ஆளு நா. வானமாமலை, நாங்குநேரிக்காரர், அவர் டுட்டோரியல் வெச்சு நடத்துனது பாளையங்கோட்டையில. ஊமைத்துரையைப் பூட்டி வெச்ச ஊருல உக்காந்து ஒரு வாத்தியாரு அவங்க கதையைக் காப்பாத்தியிருக்காரு. பாளையோட படிப்பு பாஞ்சைக்குச் செஞ்ச பெரிய உதவி இதுதான்னு நான் நெனைக்கேன்.

1974ல தமிழ்நாடு அரசு பாஞ்சாலங்குறிச்சியில நினைவுக் கோட்டை கட்டுச்சு, வாரிசுகளுக்கு வீடும் கட்டிக் கொடுத்தாங்க. கோட்டைக்குள்ள சுவத்துல சண்டைக் காட்சி எல்லாம் வரைஞ்சிருக்கும். அது பழைய கோட்டையோட நகல் கிடையாது, பழைய மண்கோட்டை அப்படி இருந்திருக்கவே முடியாது. சில பேர் இதனாலயே அதை சினிமா செட்டுன்னு ஒதுக்குறாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. நூத்தி எழுபது வருஷம் அரசாங்கமே அழிச்ச பேரை ஒரு அரசாங்கமே திரும்ப எழுதி வெச்சதுக்கு அது சாட்சி, அந்த அளவுல அது வேண்டியதுதான். ஆனா பாக்கப் போறவங்க அதோட நின்னுரக் கூடாது. பக்கத்துலயே தொல்லியல் துறை பாதுகாக்கிற பழைய கோட்டையோட அஸ்திவார மிச்சம் இருக்கு, கிட்டக்க அந்தச் சண்டையில செத்த வெள்ளைக்காரங்க கல்லறையும் இருக்கு. தாக்க வந்தவனுக்குக் கல்லறை இருக்கு, உள்ள இருந்து செத்தவங்களுக்கு ஒரு கல்லு கிடையாது. அந்த அடித்தளத்துக்கிட்ட நின்னு சுத்திப் பாருங்க, ஒரு மேடு இல்ல மறைவு இல்ல, கண்ணுக்கெட்டுற வரைக்கும் வெட்டவெளி. இந்த இடத்துல மண்ணுச் சுவத்தை நம்பி பீரங்கிக்கு எதிரா நின்னிருக்காங்கன்னு அப்பத்தான் ஒறைக்கும். சிமெண்ட்டுக் கோட்டைக்குள்ள அது ஒறைக்காது.

சித்திரை கடைசியில வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குப் போனா அந்த ஊரே வேற ஊராத் தெரியும். எங்கெங்கயோ இருந்து ஜோதி எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. திருவிழா முடிஞ்சா திரும்பவும் அமைதி. வருஷத்துல ரெண்டு நாளு வர்ற கூட்டத்தை வெச்சு ஒரு ஊரு வாழ முடியாது. மானாவாரி பூமி, மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் பாசியும், படிச்ச பிள்ளைங்க தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் போயிருது. 1801ல எடுத்த வேலையை 1974ல திருப்பிக் கொடுக்கல, கோட்டையைத்தான் கொடுத்தோம். நல்ல காலேஜோ, பெரிய ஆஸ்பத்திரியோ, பாளையில இருக்கிற ஏதாவது ஒண்ணு அங்கயும் வந்திருந்தா அதுதான் முழுசான மறுகட்டமைப்பா இருந்திருக்கும்னு நான் உறுதியாச் சொல்லுவேன்.

நெற்கட்டும்செவலையும் விட்டுற முடியாது, பூலித்தேவன் ஊரு, இந்தக் கதைக்கெல்லாம் முன்னோடி. அவர் கைவசம் இருந்த வாசுதேவநல்லூர் கோட்டை 1760ல கம்பெனித் தளபதி யூசுப்கானையே திருப்பி அனுப்பிச்சது, 1761லதான் அவர் கையில விழுந்துச்சு. அங்கயும் நினைவு மாளிகை இருக்கு, போறவங்க கொஞ்சப் பேருதான்.

ஏன் கொஞ்சப் பேருன்னா இதுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கு. பழைய திருநெல்வேலி ஜில்லா ஒரே நெலம், ஒரே போர். 1986ல தூத்துக்குடி பிரிஞ்சது, 2019ல தென்காசி பிரிஞ்சது. இப்ப பாளை திருநெல்வேலி மாவட்டம், பாஞ்சையும் கயத்தாறும் எட்டயபுரமும் தூத்துக்குடி, நெற்கட்டும்செவல் தென்காசி, ஏழாயிரம்பண்ணை விருதுநகர். நிர்வாகத்துக்கு அது நல்லதுதான், ஆனா ஒவ்வொரு மாவட்டமும் தன் ஊருக்கு மட்டும் போர்டு வைக்குது, இது அத்தனையும் ஒரே கதையோட துண்டுன்னு எந்தப் போர்டும் சொல்லல. பெரிய செலவு ஒண்ணும் வேணாம். பாளை மேடை ஸ்டேஷன் வாசல்ல ஒரு பலகை, இங்க இருந்து 1801 பிப்ரவரி 2 ராத்திரி கிளம்புனவங்க எந்த வழியாப் போனாங்கன்னு ஒரு மேப்பு. லீவு நாள்ல அங்கிருந்து கயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் சுத்தி வர்ற மாதிரி ஒரு அரசு பஸ். பாளை காலேஜ்கள்ல வரலாறு படிக்கிற பிள்ளைங்களையே அந்த பஸ்ல கூட்டிப் போய்க் கதை சொல்ல வெச்சா அவங்களுக்கும் கையில நாலு காசு, பாஞ்சையில மதியச் சாப்பாட்டுக்கு நாலு மெஸ்ஸும் ஓடும். போறவங்க வெயிலுக்கு முன்னாடி பாஞ்சைக்குப் போயிருங்க, அங்க மர நிழல் கம்மி, நினைவுக் கோட்டையை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பழைய அஸ்திவாரத்துக்குப் போங்க.